எலுமிச்சையால் ரத்தம் மாறுமா? அமில-காரச் சமநிலை: கேள்வி பதில்

சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி எலுமிச்சையைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மயிலாப்பூர் வாசகி: வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்தால் ரத்தம் காரமாகிவிடும் என்கிறார்களே, ஐயா?

ஆகாது, அம்மா. தமனி ரத்தத்தின் பி.எச். (அமில-கார அளவுகோல்; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 7.35க்கும் 7.45க்கும் இடையில்தான் நிற்கும். எலுமிச்சையும் அசைக்காது, வத்தக்குழம்பும் அசைக்காது. சிட்ரிக் அமிலத்தை உடல் எரித்துவிடுகிறது. மாறுவது சிறுநீர்தான், அது 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். சோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்துவிட்டு ரத்தமே மாறியதாகச் சொல்வது, குப்பைத் தொட்டியைப் பார்த்துச் சமையலறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது போல.

வேளச்சேரி வாசகர்: அப்படியானால் குடிநீரைக் காரமாக்கித் தரும் ‘கார நீர்’ இயந்திரம் வாங்கலாமா?

இரைப்பையின் அமிலத்தில் அந்தக் காரம் கரைந்துபோகும். அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கி நடக்கலாம்.

பெரம்பூர், செவிலியர் மாணவி: உடலின் அமிலத்தை வெளியேற்றுவதில் நுரையீரல், சிறுநீரகம் இரண்டில் எதன் பங்கு பெரிது, சார்?

நல்ல கேள்வி. அளவில் நுரையீரல்: ரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும் கரியமில வாயுவை ஒரு நாளில் சுமார் 15,000 மில்லிமோல் (வேதிப் பொருளை அளக்கும் அலகு) வெளியே தள்ளுகிறது. ஆனால் புரதம் சிதைவதால் வரும் கந்தக அமிலம் போன்றவை மூச்சில் போகாது. அவை ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 மில்லிமோல்தான்; அதைச் சிறுநீரகம் மட்டுமே அம்மோனியமாகவும் பாஸ்பேட்டாகவும் கழிக்கும். கூடவே, வடிகட்டிய 4,000க்கும் மேற்பட்ட மில்லிமோல் பைகார்பனேட்டை (ரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் காரப் பொருள்) வீணாகாமல் மீட்கவும் வேண்டும். நுரையீரல் நிமிடங்களில் சரிக்கட்டும்; சிறுநீரகத்துக்குச் சில நாள் பிடிக்கும்.

தாம்பரம் வாசகர்: சர்க்கரை நோயாளியான அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். ஆக்சிஜன் வைத்தும் மூச்சு வாங்குகிறது. மணிக்கட்டில் ரத்தம் எடுத்து ஐஸில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஏன்?

அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன். இன்சுலின் போதாதபோது, கொழுப்பு சிதைவதால் வரும் கீட்டோ அமிலங்கள் பெருகுகின்றன. பைகார்பனேட் தீர்ந்துகொண்டே வருகிறது. ஈடுகட்ட உடல் ஆழமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. 1874இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் விவரித்த மூச்சு இது. குறை ஆக்சிஜனில் இல்லை. இன்சுலினும் சிரை வழித் திரவமும் கொடுத்தால்தான் அடங்கும். மணிக்கட்டில் எடுத்தது தமனி ரத்தம்; அதில் பி.எச்., வாயுக்களின் அளவைப் பார்ப்பார்கள். ஐஸ் எதற்கென்றால், ஊசிக் குழலுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து ஆக்சிஜனைத் தின்று அமிலம் உண்டாக்கும். கடுகளவு காற்றுக் குமிழி உள்ளே இருந்தாலும் அளவு பிசகும். அதனால்தான் குழலை நிமிர்த்திப் பிடித்துத் தட்டுவார்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகி: வாந்தி, பேதி இரண்டுக்கும் ஒரே விளைவுதானே?

நேரெதிர். வாந்தியில் இரைப்பை அமிலம் போகிறது, ரத்தம் காரப் பக்கம் சாயும். பேதியில் பைகார்பனேட் போகிறது, அமிலப் பக்கம் சாயும். பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தின் பின்புறம் படித்துப் பாருங்கள்: சோடியம் சிட்ரேட் இருக்கும். உடல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது.