வயதுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஒட்டுறவு 0.3தான் வருகிறது, என் கணக்கு தவறா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக 60 பேரின் வயதையும் மொத்தக் கொலஸ்ட்ராலையும் எடுத்தேன். ஒட்டுறவுக் கெழு 0.3தான் வந்தது. வயதானால் கொலஸ்ட்ரால் கூடும் என்கிறார்களே, எங்கே தவறினேன்?

நீங்கள் எங்கேயும் தவறவில்லை. ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று -1 முதல் 1 வரை சொல்லும் எண். 60 பேரில் 0.3 என்றால் பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு) 0.02 பக்கம் வரும், அதனால் தொடர்பு இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம். ஆனால் 0.3-ஐ வர்க்கப்படுத்தினால் 0.09. அதாவது, கொலஸ்ட்ரால் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் 9 சதவீதம்தான் வயதின் கணக்கில் சேரும். மற்றதெல்லாம் மரபணு, சாப்பாடு, உடல் எடை, தைராய்டு, மாத்திரை என்று பல பக்கம் சிதறிக் கிடக்கும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான கெழு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதை) போட்டுப் பாருங்கள், 0.05 முதல் 0.51 வரை விரியும். அறிக்கையில் இதை விட்டுவிடாதீர்கள்.

நானும் படிக்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டை வைத்து இதே ப்ராஜெக்டைச் செய்தேன். எடுத்த எடுப்பில் ரிக்ரெஷன் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) போட்டேன், கோடு கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. "படம் வரைஞ்சு பாத்தியாம்மா?" என்று என் கைடு கேட்டார். வரையவில்லை. அன்று மாலை சிதறல் படத்தில் ஆண்களுக்கு ஒரு நிறம், பெண்களுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். ஆண்களின் புள்ளிகள் ஐம்பது வயதுவரை ஏறி, அப்புறம் சமமாகி, கடைசியில் கொஞ்சம் இறங்கின. பெண்களின் புள்ளிகள் கீழே தொடங்கி, ஐம்பதை ஒட்டிச் சட்டென்று ஏறி, ஆண்களைத் தாண்டிப் போயின. இரண்டையும் கலந்து ஒரே நேர்கோடு போட்டதால்தான் எனக்கு எதுவும் தெரியாமல் போனது.

உலகத்தில் பல ஆய்வுகளில் வந்திருக்கும் வடிவமும் இதுதான். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ராலை) நன்றாக இழுத்துக்கொள்ளும். மாதவிடாய் நின்றதும் அந்த வேகம் குறையும். அம்மாவுக்கு 52 வயதில் கொலஸ்ட்ரால் ஏறியபோது தன் சமையலைத்தான் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தை அவருக்கும் காட்டினேன். உங்கள் 60 பேரில் ஆண், பெண் பிரித்திருக்கிறீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு ரிக்ரெஷன் சமன்பாட்டில் வயதின் வர்க்கத்தைச் சேர்த்துப் பாருங்கள், வளைவு இருந்தால் பிடிபடும். 60 பேருக்கு அதற்கு மேல் நிறைய மாறிகளை ஏற்றவேண்டாம், தாங்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். உங்கள் தரவில் இருக்கும் 30 வயதுக்காரரும் 70 வயதுக்காரரும் வேறு வேறு மனிதர்கள். ஒருவருக்கே வயதாவதை நீங்கள் பார்க்கவில்லை. கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தவர்களில் சிலர் மாரடைப்பில் முன்பே போயிருக்கலாம், அதனால் மிஞ்சியிருக்கும் முதியவர்களின் சராசரி குறைவாகத் தெரியும். நோயில் இளைத்தவர்களுக்கும் கொலஸ்ட்ரால் இறங்கும். இந்தச் சிக்கலுக்காகத்தான் ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்டது. 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அழைத்துப் பரிசோதித்தார்கள். ஒரு ப்ராஜெக்டில் அது முடியாது, சரி. ஆனால் "வயதாக ஆகக் கூடுகிறது" என்று எழுதாமல் "வயது அதிகமானவர்களிடம் அதிகமாக இருக்கிறது" என்று எழுதலாம். வார்த்தை கொஞ்சம்தான் மாறுகிறது, அர்த்தம் முழுக்க மாறிவிடுகிறது.

எல்டிஎல்லையும் எடுத்திருந்தால், அது நேரடியாக அளந்ததா, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிட்டதா என்று கேளுங்கள். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை. வயதானவர்களில் பலர் அதைச் சாப்பிடுவார்கள். அவர்களின் எண் மாத்திரை இறக்கிய எண், வயது கொடுத்த எண் அல்ல. அந்த விவரம் உங்களிடம் இல்லையென்றால் கைடிடம் சொல்லி இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். ப்ராஜெக்ட் முடிந்த பிறகு அந்தப் பதிவேட்டைத் திரும்பத் திறக்கச் சம்மதிக்கமாட்டார்கள்.