உரிமம் எங்கேயோ, படிப்பும் அங்கேயே: நர்ஸ் பிராக்டிஷனர் ஆக விரும்பும் மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். மார்த்தாண்டத்திலிருந்து மகளை அனுப்பி நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்து, கல்விக் கடனில் பாதியை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெண், திடீரென்று ‘நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டும், மேலே படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் கவலை வரத்தான் செய்யும். ‘எவ்வளவு படித்தாலும் நர்ஸ் நர்ஸ்தானே?’ என்று உறவினர்கள் கேட்பதையும், வீட்டிலிருந்தபடியே அமெரிக்கப் பட்டம் வாங்கலாம் என்று சொல்லி ஒரு முகவர் முன்பணம் கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பணம் சம்பந்தப்பட்டது அவசரமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதிலை முழுவதும் படித்து, மகளோடும் பேசி முடிக்கும்வரை அந்த முகவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யு.வில் ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் இன்று அதை முதலில் கவனிக்கிறாள், பணி மருத்துவரை அழைக்கிறாள், அவர் சொல்லும் மருந்தைச் சரியான அளவில் கொடுக்கிறாள். நர்ஸ் பிராக்டிஷனராகப் பயிற்சி பெற்றவர் அதே இடத்தில் நோயாளியைத் தாமே முழுமையாகப் பரிசோதித்து, அழுத்தம் இறங்கியது ரத்தக் கசிவாலா, நோய்த்தொற்றாலா, இதயம் தளர்ந்ததாலா என்று பிரித்தறிந்து, தேவையான சோதனைகளைக் கேட்டு, தமக்கு அளிக்கப்பட்ட அதிகார எல்லைக்குள் சிகிச்சையைத் தொடங்கி, அந்த முடிவுக்குத் தாமே பொறுப்பும் ஏற்கிறார். இந்தப் பொறுப்புக்காகத்தான் நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றையும் முதுநிலை அளவில் மறுபடியும் ஆழமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது பழைய வேலைக்குப் புதிய பெயர் சூட்டுவதாகாது, வேலையே வேறு.

இந்தப் பணி பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டாத இடங்களில் வாழ்ந்த குழந்தைகளுக்கு, அனுபவமுள்ள செவிலியர்களைக் கொண்டே பரிசோதனையும் தொடர் கவனிப்பும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். பொதுச் சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்தவர் ஃபோர்ட். 104 வயதுவரை வாழ்ந்து 2025-இல் மறைந்த அவர், தாம் தொடங்கிய பணி பல நாடுகளில் வேர்விட்டதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். உங்கள் மகள் விரும்பும் தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதையான வரலாறு இருக்கிறது என்பதை உறவினர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒன்றாக ஒலித்தாலும், அந்தச் சொல் தரும் அதிகாரம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கலாம், நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் உரிமத்தை அந்தந்த இடத்தின் கவுன்சிலோ வாரியமோதான் கொடுக்க முடியும். எனவே ‘எந்தப் படிப்பு நல்லது?’ என்று கேட்பதற்கு முன், ‘மகள் எந்த ஊரில், எந்த உரிமத்தோடு வேலை பார்க்கப் போகிறாள்?’ என்று கேட்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் நல்ல உழைப்பாளிகள் பணத்தையும் ஆண்டுகளையும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் அவளுக்கு மிக நெருக்கமான வழி, இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்துள்ள ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்’ (தீவிர சிகிச்சை) என்னும் இரண்டு ஆண்டு முதுநிலை ரெசிடென்சி படிப்பு, அதாவது மருத்துவமனையில் பணி செய்தபடியே பயிலும் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் அல்லது செவிலியர் பட்டயம் பெற்றவர்கள் மேலே படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, பதிவு பெற்ற செவிலியராக இருந்து, குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவம் உள்ளவர்கள் இதில் சேரலாம். அந்த அனுபவம் தீவிர சிகிச்சையில் இருந்தால் விரும்பத்தக்கது. இரண்டு ஆண்டு ஐ.சி.யு. அனுபவம் இருப்பதால் இந்த நிபந்தனையில் உங்கள் மகளுக்குத் தடை இருக்காது. சேர்க்கைக்குப் பட்டப் படிப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பதால் அவளுடைய மதிப்பெண் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது மிகவும் அவசியம். எம்.எஸ்சி. படித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர் பணிக்குச் செல்வதை நம் ஊரில் பார்க்கிறோம். ரெசிடென்சி படிப்பிலோ வகுப்பறை நேரம் குறைவு, நோயாளியின் படுக்கையருகே செலவாகும் நேரம் மிக அதிகம். இரவுப் பணியும் உண்டு. வென்டிலேட்டரைக் கையாளுவது முதல் நோயாளியின் நிலையை மருத்துவக் குழுவின் முன் எடுத்துரைப்பது வரை ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும். படுக்கையருகே நிற்பதை விரும்பும் பெண்ணுக்கு இது பொருத்தமான படிப்பு. ‘நைட் டியூட்டி இல்லாமல் கல்லூரியில் வேலை கிடைத்தால் போதும்’ என்ற எண்ணம் மகளின் மனத்தின் ஓரத்தில் இருந்தால், எம்.எஸ்சி.யே அவளுக்குச் சரி. அந்த விருப்பத்திலும் எந்தக் குறையும் இல்லை.

இந்தியாவில் இந்தப் படிப்பை முடித்தவர் தனியாக கிளினிக் நடத்தப் போவதில்லை. மருத்துவமனை வகுத்த நெறிமுறைகளுக்கும் நிலையான உத்தரவுகளுக்கும் உட்பட்டு, தீவிர சிகிச்சை மருத்துவர்களோடு இணைந்துதான் முடிவெடுப்பார். இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. படிப்பு வந்த வேகத்தில் பணியிடங்கள் வரவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் தனிப் பதவியும் அதற்கேற்ற ஊதியமும் பல மருத்துவமனைகளில் இன்னும் வகுக்கப்படாததால், படித்து முடித்தவர்கள் பழைய ஸ்டாஃப் நர்ஸ் பதவியிலேயே தொடர்வதும் நடக்கிறது. 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இதன் வழியே நிலைமை மேம்பட வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் விருப்பத்தை நம்பி உங்களைக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். எனவே சேருவதற்கு முன் கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: இந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டு உண்டா, ரெசிடென்சி காலத்தில் ஊதியமோ உதவித்தொகையோ எவ்வளவு, முந்தைய அணியில் முடித்தவர்கள் இன்று எந்தப் பதவிப் பெயரில் எங்கே இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் தரும் கல்லூரியை நம்பலாம்.

பிரசவப் பணியில் ஆர்வமுள்ளவர்களுக்கு 18 மாத ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ பயிற்சியும் நாட்டில் இருக்கிறது. ஐ.சி.யு.வை விரும்பும் உங்கள் மகளுக்கு அது உரியதன்று என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி அமெரிக்கா. அங்கே மேல்நிலைச் செவிலியர் பணி நான்கு வகை: நர்ஸ் பிராக்டிஷனர், ஒரு துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், மயக்கமருந்து கொடுக்கும் நர்ஸ் அனெஸ்தட்டிஸ்ட், பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப். எதற்கும் முதல் படி, அங்கே பதிவு பெற்ற செவிலியராக ஆவதுதான். இந்தியச் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, ஒரு மாநிலத்தின் உரிமத்தைப் பெற்ற பிறகே நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்குள் நுழைய முடியும். பின்னர் முதுநிலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு, அதன் பிறகு தேசியச் சான்றிதழ்த் தேர்வு, அதற்குப் பிறகு மாநில வாரியத்தின் மேல்நிலை உரிமம். முதுநிலை போதுமா, டி.என்.பி. என்னும் செயல்முறை முனைவர் பட்டம் வேண்டுமா என்ற விவாதம் அங்கே 2004 முதல் நடக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனருக்கு முதுநிலைப் பட்டம் இன்றும் செல்லும். நர்ஸ் அனெஸ்தட்டிஸ்ட்டுக்கு மட்டும் 2022 முதல் சேரும் எல்லா மாணவருக்கும் முனைவர் நிலைப் படிப்பு கட்டாயமாகிவிட்டது.

ஐ.சி.யு. செவிலியர்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. அங்கே மிகப் பலரும் படிப்பது ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவு; அது கிளினிக்குக்கு வரும் எல்லா வயதினரையும் பார்க்கக் கற்றுத்தரும் பிரிவு. ஐ.சி.யு. நோயாளிகளைப் பார்க்க விரும்புபவர் படிக்க வேண்டியது, நிலை மோசமான நோயாளிகளைக் கவனிக்கக் கற்றுத்தரும் அக்யூட் கேர் பிரிவு. எந்தப் பிரிவில் பயிற்சியும் சான்றிதழும் பெற்றாரோ அந்த நோயாளிகளைத்தான் அவர் பார்க்கலாம் என்பதால், எளிதில் இடம் கிடைக்கிறது என்று ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டால் பின்னர் மாறுவதற்கு மறுபடியும் படிக்க வேண்டியிருக்கும்.

முகவர் சொன்ன இணையவழிப் படிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் இணையவழி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகள் உண்மையாகவே இருக்கின்றன, அவற்றில் தரமானவையும் உண்டு. ஆனால் இணையத்தில் நடப்பது பாடம் மட்டும். 2022-இல் திருத்தப்பட்ட தரவிதிகளின்படி, மாணவர் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்த்துப் பயில வேண்டும். அதுவும் அந்த மாநில உரிமம் உள்ள ஒரு மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ ‘பிரிசெப்டர்’ ஆக அருகிலிருந்து கற்றுத்தர வேண்டும். அங்கேயே வேலை பார்க்கும் செவிலியர்களே பிரிசெப்டர் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைகிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு அந்த 750 மணி நேரத்தை உங்கள் மகள் எங்கே முடிப்பாள்? இந்தக் கேள்வியை முகவரிடம் கேளுங்கள். முழுவதும் இணையத்தில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசாவும் கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு செவிலியர், முதல் இரண்டு பருவக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, செயல்முறைப் பயிற்சி வந்த இடத்தில் மேலே போக வழியில்லாமல் நின்றார். அவர் படிப்பில் கெட்டிக்காரர். அவருக்கு இந்த ஒரு கேள்வியை முன்கூட்டிக் கேட்கச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

உரிமம் பெற்ற பிறகும் மாநிலம் முக்கியம். வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா போன்ற மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவரின் ஒப்பந்தம் இல்லாமலேயே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாம். நம் ஊர்ச் செவிலியர்கள் அதிகம் குடியேறும் டெக்சாஸில் மருந்து எழுத மருத்துவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். உறவினர் இருக்கும் ஊர் என்பதற்காக மட்டும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காமல் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அங்கே இந்தப் பட்டப்பெயர் சட்டப் பாதுகாப்பு உடையது. மேல்நிலைச் செவிலியராக 5,000 மணி நேர அனுபவமும் அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் படிப்பும் வேண்டும் என்பதால், அது அங்கே போய்ப் பல ஆண்டு வேலை பார்த்த பிறகு வரும் வாய்ப்பு. இங்கிலாந்தில் மருத்துவமனையே செவிலியரைப் பயிற்சிப் பதவியில் அமர்த்தி முதுநிலை படிக்க வைக்கும் வழக்கம் இருப்பதால், கடன் சுமை உள்ள குடும்பங்களுக்கு அந்த வழியும் கருதத்தக்கது.

உங்கள் மகளுக்கு என் கருத்து இது. தமிழ்நாட்டிலோ இந்தியாவின் வேறு பெருநகரத்திலோ தங்குவதுதான் அவள் எண்ணம் என்றால், ரெசிடென்சி படிப்பை முடித்தவர்களுக்குத் தனிப் பதவி வைத்திருக்கும் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில் அதைப் படிக்கட்டும். அமெரிக்காதான் என்று உறுதியாக இருந்தால், இங்கே இரண்டு ஆண்டு முதுநிலைக்குச் செலவழிக்காமல், ஐ.சி.யு. வேலையைத் தொடர்ந்துகொண்டே ஆங்கிலத் தேர்வுக்கும் என்கிளெக்ஸுக்கும் படித்து, செவிலியராகப் போய்ச் சேர்ந்து, அங்கே மேற்படிப்பைத் தொடங்கட்டும். இங்கே பெறும் நர்ஸ் பிராக்டிஷனர் பட்டம் அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் உரிமமாக மாறாது. ஆனால் இந்தியர்களுக்கான குடியேற்ற விசாவுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதால், திருமணப் பேச்சையும் கடன் தவணையையும் அந்தக் காலக் கணக்கோடு சேர்த்தே வீட்டில் பேச வேண்டும். கடனில் மீதி அடையும்வரை புதிய பெரிய கடன் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். மேற்படிப்பே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் மகள் பக்கம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை சில. மகளை அவள் மருத்துவமனையிலோ வேறு எங்கோ ரெசிடென்சி படிப்பை முடித்து வேலை பார்க்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம் நேரில் பேசச் சொல்லுங்கள். இதுவரை கையாண்ட கருவிகள், பார்த்த நோயாளி வகைகள், செய்த பயிற்சிகள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கட்டும். எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும் அது உதவும். மாநில நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, பல்கலைக்கழகத்தில் பாடநேர விவரத்தோடு கூடிய சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அம்மா. பத்து ஆண்டுகள் கழித்து ஐ.சி.யு. படுக்கையருகே நிற்க விரும்புகிறாளா, கிளினிக்கில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்க விரும்புகிறாளா, வகுப்பறையில் கற்பிக்க விரும்புகிறாளா என்பதை மட்டும் அவள் தன் கையால் எழுதட்டும். அது கிடைத்ததும், எந்தக் கல்லூரிகளில் எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கால அட்டவணையை நான் தயாரித்து அனுப்புகிறேன்.