பட்டியல் ஒட்டுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணிக்குப் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். பிழைப்புக்குத் தையல் கடை இருக்கிறது. அணியில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அருமையான ரெய்டர். இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டாள். பாடிப் போகிறவள், எதிரணிப் பக்கம் கட்டாயம் தாண்ட வேண்டிய பால்க் லைனைக்கூடத் தாண்டாமல் திரும்பி அவுட் ஆகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்ல சார், வயித்துவலி" என்கிறாள். போன வாரம் கோபத்தில், "மனசுல இருக்கிறத எல்லாம் செருப்போட சேர்த்து வெளிய கழட்டி வெச்சிட்டு வா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன், டாக்டர் இல்லை. வரும் சனிக்கிழமை மாவட்டப் போட்டிக்குப் பட்டியல் ஒட்ட வேண்டும். நான் என்ன செய்வது?

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். சின்ன ஊரில் "அந்த ரெய்டர்" என்றாலே யாரென்று தெரிந்துபோகும்.

நீங்கள் டாக்டர் இல்லை, சரி. ஆனால் அவள் கால் எப்படித் திரும்பும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் மாறிவிட்டாள் என்பது உங்கள் கண்ணில்தான் பட்டிருக்கிறது. நாளைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: முன்னால் எப்படி இருந்தாள், எப்போதிலிருந்து இப்படி? அதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது.

கல்லூரியில் நான் 1500 மீட்டர் ஓடினேன். விடுதியில் என் அறைக்காரன் 400 மீட்டர். மூன்றாம் வருடம் அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. விடியற்காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். பத்து நிமிடம் ஆகும். மைதானத்துக்குத் தாமதமாக வருகிறான் என்று கோச் நாலு ரவுண்டு கூடுதலாக ஓடவிடுவார். வாயைத் திறக்காமல் ஓடுவான். பக்கத்துக் கட்டிலில் இருந்த நானும் என்னடா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது சொன்னான்: "சொல்லியிருப்பேன்டா. ரிலேல இருந்து எடுத்துருவாங்கன்னு பயம்."

உங்கள் பெண்ணின் வயிற்றுவலிக்குப் பின்னாலும் இந்தப் பயம் இருக்கலாம். பட்டியல் எழுதுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்காரரிடம் போய் மனசு சரியில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

அதனால் முதல் வேலையாக இரண்டையும் பிரியுங்கள். "உனக்கு டீம்ல இடம் இருக்கு. நீ இப்ப என்ன சொன்னாலும் அதுக்காக உன் பேரை எடுக்க மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் ஓய்வு வேண்டுமென்று அவள் கேட்டால் கொடுங்கள், பெயர் அப்படியே இருக்கட்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், வால்ட் என்ற தாவலில் காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று உணர்ந்து அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். அந்த நிலையில் இன்னொரு முறை குதித்திருந்தால் கழுத்தே போயிருக்கலாம். 2024இல் பாரிஸுக்கு வந்து மூன்று தங்கம் வென்றார். கபடியிலும் கவனம் எங்கோ இருக்க, நாலு பேர் காலைப் பிடித்தால் முட்டி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், பேசும் விதம். மற்றவர்கள் பார்க்கிற, ஆனால் காதில் விழாத இடமாக இருக்கட்டும். அவள் நம்புகிற ஆசிரியையோ மூத்த வீராங்கனையோ கூட இருந்தால் நல்லது. "என்னடி பிரச்சினை?" என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "ரெண்டு மாசமா பால்க் லைனுக்கு முன்னாடியே திரும்புற. சிரிக்கிறதில்ல. எனக்குக் கவலையா இருக்கு." அதற்குப் பிறகு சும்மா இருங்கள். அந்த மௌனம் நீளும். புத்திமதியால் அதை நிரப்பிவிடாதீர்கள்.

வயிற்றுவலி நிஜமாகவே இருக்கலாம், அதையும் நம்புங்கள். மனக்கலக்கம் பிள்ளைகளுக்குப் பல நேரம் வயிற்றுவலியாக வரும். மாதவிடாயாக இருக்கலாம். எடைப் பிரிவுக்காகச் சாப்பிடாமல் கிடக்கிறாளா என்றும் பாருங்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அவளிடம் யாராவது தவறாக நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான 1098இலும் உதவி கேட்கலாம். "உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா மட்டும், உனக்குச் சொல்லிட்டு, ஒருத்தர்கிட்ட சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற சாயலில் ஏதாவது சொன்னால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஆராய்ச்சிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் நம்பகமான ஒருவரை வரவழைத்து அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவசரமில்லை என்றாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவளுக்கு மட்டுமில்லை, எப்படிப் பேசுவது என்று நீங்களும் அதில் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் உங்கள் மனசும் கலங்கியிருப்பது தெரிகிறது.

செருப்பு விஷயம் பாக்கி. எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும். அவள் பக்கம் பார்க்காமல், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மனசு சரியில்லாட்டி அதோடயே வாங்க, வந்து சொல்லுங்க" என்று பயிற்சி தொடங்கும்போது சொல்லுங்கள். வரிசையில் நிற்கிற இன்னொருத்திக்கும் அது தேவைப்படலாம்.

இதையெல்லாம் சனிக்கிழமைக்கு முன்னால் செய்துவிடுங்கள். பட்டியலை ஒட்டிய பிறகு கேட்டால், அவள் பதில் சொல்லும்போது கண் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.