மறைந்த கணவரின் குரல் கேட்கிறது, இது மனநோயா?

கேள்வி: வயது 57. கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சில இரவுகளில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. இணையத்தில் தேடினால் மனச்சிதைவு என்கிறார்கள். கூட்டுப் பிரார்த்தனையில் பாடும்போது அழுகை வரும், விரல்கள் மரத்துப்போகும். மூச்சுப்பயிற்சியே போதும் என்று படித்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். தூக்கத்துக்குத் தெரிந்தவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு மாதமாகப் பிரார்த்தனைக்கும் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது?

பதில்: அந்தக் குரலை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் மனச்சிதைவு என்று சொல்லமாட்டார், அம்மா. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் அதை எழுதினார். ஏறத்தாழ பாதிப்பேருக்கு இறந்தவர் கூடவே இருப்பதுபோன்ற ஏதாவது ஓர் அனுபவம் இருந்தது. பலர் அவருடைய அருகாமையை உணர்ந்தார்கள். சிலர் குரலைக் கேட்டார்கள், சிலர் உருவத்தையே பார்த்தார்கள். பெரும்பாலோர் அதை வெளியே சொல்லவில்லை. உங்களைப் போலத்தான் பயந்திருப்பார்கள். அந்தக் குரல் "என்னோடு வந்துவிடு" என்று அழைத்தாலோ ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டாலோ கதை வேறு. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பாடும்போது விரல் மரத்துப்போவது, பெரும்பாலும் உரக்கப் பாடி அதிகமாக மூச்சு விடுவதால் வருவது. உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டால் அது பொதுவாகப் போய்விடும். அழுகைக்கு மருந்து வேண்டாம்.

என்னை உறுத்துவது உங்கள் கடைசி வரி. துக்கம் அலை அலையாக வரும்; நடுவே ஒரு பேச்சுக்குச் சிரிப்பும் வரும், ஒரு பாட்டு பிடிக்கும். எதுவுமே பிடிக்காமல் போய், விடியும் முன்பே விழிப்பு வந்து, சாப்பாடு கசந்து, எடை குறைந்து, "போய் என்ன ஆகப்போகிறது" என்பது வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. இந்த வாரமே போங்கள். "அவரிடமே போய்விடலாம்" என்று ஒரு முறை தோன்றியிருந்தாலும் வாரம் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரைகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை நீங்கள் விழுங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அதைத் திடீரென்றும் நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டையை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்தையும் அங்கேயே அளந்துகொள்ளுங்கள். நிதானமான மூச்சு சில புள்ளிகள் குறைக்கும். மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட மேலே ஏறும்.

பிரார்த்தனையை நான் கேலி செய்யவில்லை. 2001இல் லூசியானோ பெர்னார்டி குழு 23 பேரிடம் அளந்து பார்த்தது: ஜெபமாலையையும் ஒரு மந்திரத்தையும் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியது, இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் மூச்சோடு ஒத்திசைந்தது. அதேசமயம், 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் இருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் அவர்களில் ஒரு பகுதியினருக்காகச் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. மருத்துவனாக எனக்குப் புரிவது, எழுந்து போய் நாலு பேர் நடுவில் உட்காருவதில்தான் பலன் இருக்கிறது. 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையிலும், உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகமாகவே இருந்தது.

பழைய சமூகங்கள் துக்கப்படுபவரிடம் "மனம் இருந்தால் வா" என்று சொல்லவில்லை. நாளும் நேரமும் குறித்தார்கள், வந்து அழைத்துப் போனார்கள். இன்று மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருபவர்களும் அதையே சொல்கிறார்கள்: முதலில் கால் போகட்டும், விருப்பம் பிறகு வரும். பிரார்த்தனையில் உங்கள் இடம் காலியாக இருந்தால் "ஏன் வரவில்லை" என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார்.

உங்களிடம் இந்த மாதம் அப்படி யார் கேட்டார்கள்? அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே ஒருவரை அழையுங்கள்.