வாண்டுகள் கையில் ரிமோட்: கேள்வி பதில்

பள்ளி, கல்லூரி ரோபோ அணிகளின் செயல்விளக்கங்களுக்கு வரும் சிறுவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: போட்டிக்காகச் செய்த எங்கள் ரோபோவின் எடை 50 கிலோ. கண்காட்சியில் அதைக் குழந்தைகளே ஓட்டட்டும் என்கிறார்கள் சிலர். வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் சிலர். எது சரி?

தாராளமாக ஓட்டட்டும். போட்டியில் ஓடிய அதே நிரலோடு மட்டும் வேண்டாம். 50 கிலோ ரோபோ விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 400 ஜூல். 1 மீட்டர் வேகத்தில் வெறும் 25 ஜூல். வேகத்தைக் கால்வாசியாக்கினால் மோதலின் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, வேகத்துக்குக் கடிவாளம்.

இங்கேதான் பல அணிகள் சறுக்குகின்றன. ஜாய்ஸ்டிக் குச்சி தரும் மதிப்பை (நடுவில் 0, கடைசி வரை தள்ளினால் 1, அதாவது முழு வேகம்) வர்க்கப்படுத்திவிட்டு, ஓட்டம் மென்மையாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். குச்சியை நூல் நூலாக நகர்த்தத் தெரிந்தவருக்கு அது உதவும். ஐந்து வயது வாண்டுக்குக் குச்சியில் இரண்டே நிலைதான்: விட்டால் நடு, தொட்டால் கடைசி. ஒன்றை வர்க்கப்படுத்தினாலும் ஒன்றுதான்! எனவே நேரடியாக உச்சவரம்பு போடுங்கள். முன்பின் ஓட்டத்துக்கு 0.25 போதும். திருப்பத்துக்கும் அதையே வைத்தால் ரோபோ நின்ற இடத்திலேயே முனகும், திரும்பாது. திரும்பும்போது சக்கரங்கள் தரையைப் பக்கவாட்டில் தேய்க்க வேண்டியிருப்பதே காரணம். கம்பளத் தரையில் இன்னும் மோசம். அப்படிச் சுழலாமல் மின்சாரம் இழுக்கும் மோட்டார் சீக்கிரம் சூடேறிக் கெடும். திருப்பத்துக்கு 0.4-இல் தொடங்கி, நிகழ்ச்சி நடக்கப்போகும் தரையிலேயே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். புறப்படும்போது உச்ச வேகத்தை எட்ட ஒரு விநாடியாவது ஆகட்டும். நிற்பதற்கு அந்தத் தாமதம் கூடாது.

இரண்டாவது ரிமோட் அணி மாணவர் ஒருவர் கையில் இருக்கட்டும். அதில் ஒரு பொத்தானை அவர் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் குழந்தையின் ரிமோட் வேலை செய்ய வேண்டும். யாராவது பேச்சுக் கொடுத்து அவர் ரிமோட்டைக் கீழே வைத்தால்கூட ரோபோ நின்றுவிடும். பதறினால் பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. அதனால் ரோபோவை இயக்கும் கணினியில் உள்ள நிறுத்தப் பொத்தான் அருகே இன்னொருவர் வேறு வேலையில்லாமல் நிற்க வேண்டும்.

கை, தூக்கி போன்ற பாகங்களை நிரலில் மட்டும் முடக்கினால் போதாது; அவற்றின் மின்சார இணைப்பையே கழற்றிவிடுங்கள். ஒரு விஷயம்: இடுப்பு உயரத்தில் கட்டும் கயிறு பெரியவர்களுக்குத்தான் வேலி. சின்னக் குழந்தைகளுக்கு அது வாசல். முழங்கால் உயரத்தில் இன்னொரு கயிறு கட்டுங்கள், அல்லது பெஞ்சுகளைச் சாய்த்து அடுக்குங்கள்.

கேள்வி: ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தோம். வரிசை நீண்டு, நேரம் முடிந்து ரிமோட்டை வாங்கும்போதெல்லாம் அழுகை. என்ன செய்யலாம்?

நேரத்தைக் கொடுக்காதீர்கள், வேலையைக் கொடுங்கள். 'இந்தப் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்த மஞ்சள் கட்டத்தில் விடு.' பந்து கட்டத்துக்குள் போனதும் எல்லோரும் கைதட்ட, ஆட்டம் தானே முடிகிறது; ரிமோட்டைப் பிடுங்கியதாகத் தோன்றாது. தொலைவு 3 மீட்டர் இருக்கட்டும். கட்டத்தைத் தாராளமாக, ரோபோவைவிட இரண்டு மடங்கு அகலமாக ஒட்டுங்கள். குறுகிய கட்டம் வைத்தால் ஒரே பிள்ளை ஐந்து நிமிடம் போராடும். கூடவே அப்பாவும் ரிமோட்டுக்குக் கை நீட்டுவார்.

வரிசையில் அடுத்து நிற்பவர் பந்து எடுத்துக் கொடுப்பவர், அதற்கடுத்தவர் பந்து கட்டத்துக்குள் போனால் கொடி தூக்கும் நடுவர். காத்திருக்கும் இரண்டு பேருக்குக் கையில் வேலை வந்துவிட்டது. பந்து மெத்தென்ற பஞ்சுப் பந்தாக, சக்கரத்தின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிய பந்து அடித்தட்டுக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளும். பிறகு ரோபோவை அணைத்து, தூக்கி, எடுத்து... வரிசை கலைந்துவிடும்.

கேள்வி: எங்கள் மாணவர்கள் மோட்டார், சென்சார் என்று அழகாக விளக்குகிறார்கள். சிறுவர்களோ அரை நிமிடத்தில் நழுவிவிடுகிறார்கள்.

நழுவாமல் என்ன செய்வார்கள்? விளக்கம் கடைசியில் வரட்டும், அதுவும் கேட்டால் மட்டும். முதலில் ஓர் அணி மாணவரை ரோபோவாக நிறுத்துங்கள். எதிரே மேசையில் ஒரு காகிதக் கோப்பை. சிறுவர்கள் கட்டளை சொல்லி அவரை அதை எடுக்க வைக்க வேண்டும். 'எடு' என்பார்கள், ரோபோ நின்ற இடத்திலேயே காற்றைப் பிடித்து விரல்களை மூடும். 'முன்னால் போ' என்பார்கள். எத்தனை அடி என்று சொல்லாததால் மேசையில் இடிக்கும் வரை போகும். மூன்றாவது தவறில் கூட்டமே கத்திக் கத்திக் கட்டளையைத் திருத்தும்: இரண்டடி முன்னால், நில், வலது கையை நீட்டு, விரலை விரி, கீழே இறக்கு, மூடு. நிரல் என்றால் என்ன என்பது அப்போது அவர்கள் வாயாலேயே வந்துவிடுகிறது. இதில் ரோபோவாக நடிப்பவர் உதவி செய்துவிடக் கூடாது. இளகிய மனசுக்காரரை நிறுத்தினால், பாதிக் கட்டளையிலேயே புரிந்துகொண்டு கோப்பையை எடுத்து ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார்.

கேள்வி: கோட்டைத் தொடரும் ரோபோ ஆய்வகத்தில் கச்சிதமாக ஓடியது; திறந்தவெளி நிகழ்ச்சியில் கிறுக்குப் பிடித்தது போல் சுற்றியது. ஏன்?

வெயில். கோட்டைக் கண்டறியும் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையிலிருந்து திரும்பி வருவதை அளக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். அது உள்ளே புகுந்தால் வெள்ளையும் கறுப்பும் ஒன்றாகிவிடும். சென்சாரைச் சுற்றி, தரையை உரசாத அளவுக்குக் கறுப்பு அட்டைப் பாவாடை கட்டுங்கள்; பந்தலுக்குக் கீழே ஓட்டுங்கள்; வெள்ளையையும் கறுப்பையும் பிரிக்கும் வரம்பு மதிப்பை அந்த இடத்திலேயே மறுபடி அளந்து நிரலில் போடுங்கள். நிழல் நகரும், ஆகவே மணிக்கு ஒரு முறை அளப்பது நல்லது. கோட்டுக்குப் பளபளப்பில்லாத டேப் வேண்டும். மின்வேலை டேப்பின் மினுமினுப்பு சில கோணங்களில் வெள்ளையைப் போல ஒளியைத் திருப்பிவிடும்.

கேள்வி: குழந்தைகள் தாங்களே செய்து பார்க்கும்படி எளிய ரோபோ ஒன்று சொல்லுங்கள். பல்துலக்கும் பிரஷ்ஷில் பொத்தான் செல் (காசு வடிவச் சிறு பேட்டரி) வைத்துச் செய்வது சரிப்படுமா?

பொத்தான் செல் வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கக்கூடியது அது. கூட்டத்தில் ஒன்று தொலைந்தால் எங்கே போனது என்று தெரியாது.

பதிலாகக் கிறுக்கும் ரோபோ செய்யுங்கள். கவிழ்த்த காகிதக் கோப்பை ஒன்று, கால்களாக மூன்று ஸ்கெட்ச் பேனா, பொம்மைகளில் வரும் சிறிய 3 வோல்ட் மோட்டார், இரண்டு பென்சில் செல், மூடியும் சுவிட்சும் உள்ள செல் பெட்டி, ஒரு துண்டு அழிப்பான். பேனாக்களைச் சம இடைவெளியில், நுனி கோப்பை விளிம்புக்குக் கீழே 2 சென்டிமீட்டர் நீளும்படி டேப்பால் ஒட்ட வேண்டும். மோட்டார் கோப்பையின் மேலே. அழிப்பானின் நடுவில் அல்லாமல் ஓரத்தில் துளைத்துத் தண்டில் செருக வேண்டும். சுற்றும்போது அந்த ஒருபக்க எடைதான் கோப்பையை உதற வைத்து நகர்த்துகிறது. நடுவில் குத்தினால் மோட்டார் சுற்றும், ரோபோ நகராது. இதையே புதிராக வைத்து, ஏன் நகரவில்லை என்று குழந்தைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

சாய்ந்து விழுந்தால், கனமான செல் பெட்டியைக் கோப்பையின் உட்பக்கம் தாழ்வாக ஒட்டுங்கள். வயர்களை முன்னதாகவே பற்றவைத்து, இணைப்பின் மேல் சூட்டுப் பசை ஒரு துளி விட்டுவைப்பது அவசியம். அது இல்லாவிட்டால் குழந்தைகள் இழுக்கும் இழுப்பில் முதலில் அறுவது அந்த இடம்தான். சூட்டுப் பசைத் துப்பாக்கி குழந்தைகளின் மேசைக்கே வரக்கூடாது. இருபது பேருக்கு ஐந்து மோட்டார் உபரியாக வைத்திருங்கள். மேசையில் பெரிய வெள்ளைத்தாள் விரித்து, நான்கு ஓரமும் ஓர் அங்குலம் மேலே மடித்து ஒட்டினால் ரோபோக்கள் கீழே விழாது.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளைகள் ரோபோவைக் கண்டதும் அம்மாவின் பின்னால் ஒளிகிறார்கள்.

அணைத்து வைத்த ரோபோவைத் தொடக் கொடுங்கள். பெரும்பாலும் பயம் உருவத்தால் வருவதல்ல, திடீரென்று கிளம்பும் சத்தத்தால்தான். காற்றழுத்தக் கருவி உள்ள ரோபோ என்றால், கம்ப்ரசரை ஓடவிட்டுத் தொட்டியை நிரப்பும் வேலையைக் கூட்டம் வருமுன் முடித்துவிடுங்கள். பிறகு 'இப்போது புஸ் என்று மூச்சு விடும், பார்' என்று முன்கூட்டியே சொல்லி, பிள்ளையையே 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணச் சொல்லுங்கள். அப்போதும் ஒதுங்கினால் விட்டுவிடுங்கள். கிறுக்கும் ரோபோ மேசை பக்கத்திலேயே இருக்கிறதே.