பிலிப்பைன்ஸின் செபுவில் மிஷனரியாக இருக்கும் தம்பிக்கு ஒரே வாரத்தில் ஊரும், கூடவே ஊழியம் செய்யும் துணை மிஷனரியும் மாறியது தண்டனையா?

தண்டனை இல்லை, வழக்கமான இடமாற்றம்தான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (மார்மன் சபை) ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு ஒருமுறை யார் எந்த ஊரில், யாருடன் என்று அறிவிப்பார்கள். குறை கண்டுதான் மாற்றினார்கள் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.

"நான் எதற்கும் உதவாதவன்" என்று தம்பி எழுதியதற்கு மொழி காரணமாக இருக்கலாம். புதியவருக்கு முதல் 12 வாரங்கள் பயிற்சி தரும் துணை ஒருவர் இருப்பார். வீட்டு வாசல்களில் நின்று அந்த ஊர் மொழியான செபுவானோவில் பேச்சை எடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். அவர் பிரிந்ததும் அந்தப் பொறுப்பு முழுவதும் தம்பியின் தலையில் விழுந்திருக்கும். தன் மொழி எவ்வளவு குறைவு என்று அந்த வாரம்தான் தெரியவரும்.

மிஷனரிகள் வாரம் ஒருமுறை சொந்த வேலைகளைப் பார்க்கும் ஆயத்த நாளில், அடுத்த அழைப்பின்போது "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் எதுவும் வராது. இந்த வாரம் துணையின் உதவியில்லாமல் நீயே யாரிடம் பேசினாய், என்ன சொன்னாய், அவர்கள் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வாரத்துக்கு வாரம் நீண்டால் அவர் வேர்பிடிக்கிறார். (2019 பிப்ரவரிக்கு முன் வீட்டுக்குப் பேச கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் மட்டுமே. நம் அம்மாக்கள் தாங்கியிருக்க மாட்டார்கள்.)

ஒன்று மட்டும்: தூக்கமும் பசியும் போய், வாரக்கணக்கில் அழுகை நீடித்தால் அது மொழிச் சிக்கல் அல்ல. ஊழியக் காலமான 24 மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அங்குள்ள மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் தம்பியைப் பேசச் சொல்லுங்கள். தயங்கினால் பெற்றோரே தொடர்புகொள்ளலாம்.