பனி சாம்பலாகிறது, முகம் கறுக்கிறது: ஐஸ் ஹாக்கிப் படங்களுக்கு வெளிச்சத்தை அளப்பது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு வயது 11. சனிக்கிழமைதோறும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். 18–55, 55–250 என்று இரண்டு ஜூம் லென்ஸ்களுடன் வந்த சாதாரணக் கேமராவில்தான் படம் எடுக்கிறேன். பனித்தளம் அழுக்கு வேட்டி நிறத்தில் விழுகிறது. பிள்ளைகளின் முகங்கள் ஹெல்மெட்டுக்குள் கறுத்துப்போகின்றன. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று பச்சையாகவும் இருக்கின்றன. ஆண்டிறுதி அணிப் படத்தையும் என்னையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதிய கேமரா வாங்கத்தான் வேண்டுமா? – வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன்.

பதில்: புதிய கேமரா வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளுக்கும் வேர் இரண்டுதான். பனியின் வெண்மை, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றுகிறது. கூரை விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கின்றன. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் இப்போதுள்ள கேமராவிலேயே நல்ல படங்கள் கிடைக்கும்.

முதலில் ஒளிமானி. தனக்கு முன்னால் எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று எண்ணித்தான் கேமரா கணக்குப் போடுகிறது. காவடித் திருவிழா இரவில் கற்பூரச் சுடரைப் படமெடுத்திருந்தால் இதன் மறுபக்கத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்: சுற்றியுள்ள இருட்டைச் சாம்பலாக்க முயன்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பனித்தளத்தில் படத்தின் முக்கால் பங்கு வெண்மையாக இருப்பதால், அந்த வெண்மையைச் சாம்பலுக்கு இறக்குவதற்காகக் கேமரா வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) அதற்கு மேலோ குறைத்துவிடுகிறது. அந்த இழப்பு பனியில் அழுக்காகத் தெரியும். ஆனால் ஹெல்மெட்டின் நிழலிலும் முகக்கம்பிகளுக்குப் பின்னாலும் இருக்கும் மாநிற முகத்தில், கறுப்பு முகத்தில், கண்களே காணாமல் போகும். இந்த நாட்டின் அணிகளில் ஆடும் பிள்ளைகள் பலருக்கு அத்தகைய நிறம்தான். எந்தப் பிள்ளை என்று அடையாளம் தெரியாத படத்தைத் தாயிடம் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. ஆகவே முகத்துக்காக அளப்பதையே முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. கேமராவை எம் என்ற கைமுறை நிலைக்கு மாற்றுங்கள். விளம்பரமோ கோடோ இல்லாத வெறும் பனியை நோக்கி, நடுவிலுள்ள சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவீட்டில், ஒளிமானியின் முள் நடுவிலிருந்து வலப்புறம் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை செல்லுமாறு ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு எண்ணை) உயர்த்துங்கள்; ஷட்டர், துளை அளவுகளைக் கீழே சொல்கிறேன். ஒரு படம் எடுத்து, இருளை இடப்புறமும் வெளிச்சத்தை வலப்புறமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். பனிக்குரிய மேடு வலது சுவரை நெருங்கி நிற்க வேண்டும், சுவரில் மோதக் கூடாது. மூலைகள் பெரும்பாலும் நடுத்தளத்தைவிட மங்கலாக இருக்கும் என்பதால், உங்கள் மகன் தாக்கி ஆடும் கோல் பக்கத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். விளக்குகள் மாறாத வரை அந்த எண்களைத் தொட வேண்டியதில்லை. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்து போனால் மட்டும் மறுபடியும் அளக்க வேண்டும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஒருமுறை அணைந்தால் ஆறி மீண்டும் எரியவே பல நிமிடங்கள் ஆகும், முழு நிறத்துக்கு வர இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

இனி மஞ்சளும் பச்சையும். தென்னாப்பிரிக்காவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இத்தகைய விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. துடிப்பின் உச்சியில் ஒரு நிறமும் அடியில் வேறொரு நிறமுமாக ஒளி வெளிப்படுகிறது. 1/500 நொடிக்குத் திறக்கும் ஷட்டர் ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே காண்கிறது. எந்தப் பங்கு என்பது ஒவ்வொரு படத்திலும் மாறுகிறது. அடுத்தடுத்த விளக்குகள் மின்சாரத்தின் வெவ்வேறு ஃபேஸ்களில் இணைக்கப்பட்டிருந்தால் தளத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி பச்சையாகவும்கூட விழலாம். உங்கள் பனித்தளத்தில் துடிப்பு இருக்கிறதா என்பதை அறிய, கைபேசியின் ஸ்லோமோஷன் வீடியோவில் ஒரு விளக்கைப் பதிவுசெய்து பாருங்கள், துடித்தால் தெரிந்துவிடும்.

கேமராவின் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள். துடிப்பு உச்சியை எட்டும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் இந்த வசதியை, 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 கேமராவிலிருந்து பல நிறுவனங்கள் தந்து வருகின்றன. அது இல்லையென்றால் தொடர்ச்சியாக மூன்று நான்கு படங்கள் எடுத்து நல்லதைத் தேர்ந்துகொள்வதே வழி. எல்ஈடி விளக்குள்ள தளத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரை (ஓசையில்லாமல் படமெடுக்கும் நிலையை) தவிருங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஸ் ஹாக்கிப் படக்கலை பற்றிய ஆலோசனைகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60, 1/120 என்று எழுதுவார்கள். நமக்கு அது 1/50, 1/100.

இந்த 1/100 தான் வெள்ளைச் சமநிலைக்கும், அதாவது வெள்ளை வெள்ளையாகவே விழுவதற்கும், திறவுகோல். ஷட்டரை 1/100-இல் வைத்து, படம் முழுவதும் பனி நிறையுமாறு ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் அமையுங்கள். ஒரு முழுத் துடிப்பு பதிவாவதால் சராசரி நிறம் கிடைக்கும். பிறகு ஷட்டரை வேகப்படுத்திக்கொள்ளலாம். படங்களை ரா கோப்பாக (கேமராவின் மூலப் பதிவாக) சேமித்தால், மிஞ்சும் நிறப் பிசகை வீட்டில் திருத்தலாம்.

ஷட்டரின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 6 மீட்டர் சறுக்கும் ஒரு பிள்ளை 1/60 நொடியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/500-இல் 1.2 சென்டிமீட்டர்தான். எனவே சிறுவர் ஆட்டத்துக்கு 1/500 குறைந்தபட்சம், பெரியவர்களுக்கு 1/1000. ஒரு தளத்தில் 2.8 லென்ஸ் துளையும் (எண் சிறிதானால் துளை பெரிது) 1/500-ம் ஐஎஸ்ஓ 3200-ம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 55–250 லென்ஸ் நீட்டிய நிலையில் 5.6 வரைதான் திறக்கும் என்பதால் அங்கே 12800 கேட்கும். துணிந்து வையுங்கள். படத்தில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகளைப் பின்னர் மென்பொருளில் குறைக்கலாம்; அசைவில் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளும் உண்மையாக மீட்டுத் தராது. பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் கேமராவில் அல்ல, 50 அல்லது 85 மில்லிமீட்டர் 1.8 லென்ஸில் செலவழியுங்கள். அது 5.6-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். சர்வதேசத் தளத்தின் நீளம் 60 மீட்டர். மறுமுனை ஆட்டத்தை அந்த லென்ஸில் எட்ட முடியாது, எட்ட முயலவும் வேண்டாம். மகன் தாக்கும் பக்கத்து மூலையில் நின்று, ஆட்டம் உங்களை நோக்கி வரும்வரை பொறுத்திருங்கள். ஃபோகஸைத் தொடர் நிலையில் வைத்து மார்பிலுள்ள அணிச் சின்னத்தின் மீது நிறுத்துங்கள். முகத்தை நேராகக் குறிவைத்தால் ஃபோகஸ் கம்பியில் சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கையில் ரப்பர் ஹுட் (முனையில் மாட்டும் ரப்பர் வளையம்) மாட்டிய லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடியுங்கள். பக் என்ற ஆட்ட வட்டு பட்ட கறுப்புத் தடங்கள் நெருக்கத்தில் மறைந்துவிடும். சாய்த்துப் பிடித்தால்தான் படம் மங்கும். ஆட்டத்தின்போது பிளாஷ் வேண்டவே வேண்டாம். கோல் காப்பவரின் கண் கூசும், ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் படமும் கெடும்.

அணிப் படம் எளிது, ஏனென்றால் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். நான் முதன்முதலில் எடுத்த அணிப் படத்தில் கேமராவின் பிளாஷைப் போட்டேன். பின்னாலிருந்த தடுப்புக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பந்து எரிந்தது, இரண்டு பிள்ளைகளின் முகக்கவசத்தில் அதன் குட்டிகள் எரிந்தன, மறுபடி எடுக்க அணி அங்கே இல்லை. அன்றிலிருந்து முக்காலியும் தள விளக்குகளுமே என் கருவிகள். 1/100, துளை 5.6, ஐஎஸ்ஓ ஏறத்தாழ 2500 என்பது மேலே சொன்ன தளத்துக்குப் பொருந்தும். 1/100 என்பதால் நிறமும் நிலைத்திருக்கும். ஹெல்மெட்டுகளைக் கழற்றித் தொடையருகே பிடிக்கச் சொல்லுங்கள். முன்வரிசை ஒரு முழங்காலிட்டு அமரட்டும், பின்வரிசை அவர்களை ஒட்டி நிற்கட்டும். கூரை விளக்கு கண்குழிகளில் நிழலாக்கும். ஆனால் வெண்பனி கீழிருந்து ஒளியைத் திருப்பி அந்த நிழலைத் தணிக்கும். ஆகவே ரப்பர் விரிப்பில் நிறுத்தாமல் பனியின் மீதே நிறுத்துங்கள். இயந்திரம் அப்போதுதான் மெருகிட்டுச் சென்ற ஈரப் பனி கண்ணாடிபோல் விளக்குகளைக் காட்டும். பிள்ளைகள் சற்று நேரம் சறுக்கிக் கீறிய பிறகு எடுப்பது நல்லது. கண் மூடியவர்கள் எப்போதும் இருப்பார்கள்; பத்துப் படங்களாவது எடுங்கள்.

திரும்பும்போது ஒரு கவனம் தேவை. குளிர்ந்த லென்ஸை டர்பனின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் நொடியில் நீர் கோத்துக்கொள்ளும். தளத்தை விட்டுக் கிளம்புமுன் கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டில் ஒரு மணி நேரமாவது திறக்காமல் வையுங்கள். அன்றிரவே படங்களைப் பார்க்க மகன் அவசரப்படுவான் என்பதால், பையைக் கட்டுவதற்கு முன்பே மெமரி கார்டை எடுத்துவிடுங்கள்.